வாட்டர் பார்க் போக எந்த மாதம் நல்லது?

கேள்வி: வருசத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு கோயமுத்தூரைச் சுத்தி இருக்கற வாட்டர் பார்க் எதுக்காச்சும் போறது எங்கூட்டு வழக்கம். எப்பவும் மே மாசந்தான். போன தடவை ஒரு சறுக்குக்கு முக்கால் மணி நேரம் வரிசையில நின்னோம். சின்னவளுக்குத் தோளெல்லாம் செவந்து போச்சு. நாலு மணிக்கு இடி இடிக்குதுன்னு எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. வேற மாசம் போலாம்னா, “வெயில் காலத்துல போகாம மழைக்காலத்துலயா தண்ணியில விளையாடப் போவாங்க?”ங்கறார் எங்கூட்டுக்காரர். “ஆடியில போ, கல்யாணங்காச்சி இருக்காது, கூட்டமும் இருக்காது”ங்கறாங்க எங்கம்மா. டிசம்பர்தான் சொகம்ங்கறார் கொழுந்தனார். யார் சொல்றது சரிங்க?

– ஒரு வாசகி, சூலூர்

பதில்: உங்கள் அம்மா சொல்வதுதான் உண்மைக்கு அருகில் இருக்கிறது. இதை வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டுவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் அம்மா சொன்ன காரணம் பாதிதான் சரி. உங்கள் வீட்டுக்காரர் சொல்வது நம்மில் முக்கால்வாசிப் பேர் நம்புவது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வெயில் அடித்தால் தண்ணீர் சுகம், மே மாதம்தான் உச்ச வெயில், ஆகவே மே மாதம்தான் வாட்டர் பார்க்குக்கு ஏற்றது என்பது அவர் கணக்கு. இதில் முதல் வரி சரி. இரண்டாவது வரி சென்னைக்கும் வேலூருக்கும் பொருந்தும், கோவைக்குப் பொருந்தாது. கத்திரி வெயில் என்று பஞ்சாங்கம் சொல்லும் மே மாத நாட்களில் வடதமிழகம் கொதிக்கும். நம் ஊரிலோ சூடு அதற்கு முன்பே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிடும். கோவையில் பகல் வெப்பம் சராசரியாக 35, 36 டிகிரியை ஒட்டி நிற்பது மார்ச்சிலும் ஏப்ரலிலும்தான். மே மாதத்தில் கோடை மழை இறங்குவதால் ஏறக்குறைய ஒரு டிகிரி குறைந்துவிடும். ஜூன், ஜூலையில் 31, 32 டிகிரிக்கு வந்துவிடும். வெயிலுக்காகத்தான் போகிறோம் என்றால் உங்கள் வீட்டுக்காரர் மார்ச்சில் அல்லவா கிளம்ப வேண்டும்?

யாரும் அப்படிக் கிளம்புவதில்லை, காரணம் மார்ச்சில் பரீட்சை. கூட்டத்தை வரவழைப்பது வெயிலா, பள்ளி விடுமுறையா என்று சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. மார்ச் நடுவில் ஒரு புதன்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள், வெயில் கடுமையாக இருக்கும், பார்க்கில் நடமாட்டம் குறைவாக இருக்கும். டிசம்பர் கடைசி வாரத்தில் கோவையில் காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள், அதே வாரம் வாட்டர் பார்க் வாசலில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. அரையாண்டு விடுமுறை! வானிலை பார்த்துக் கூட்டம் வருவதில்லை, பள்ளிக்கூடம் பூட்டினால் வருகிறது. உங்கள் மே மாதத்தைக் கெடுத்ததும் அதுதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கூட்டம் கொஞ்சம் கூடினால் காத்திருப்பும் கொஞ்சம்தான் கூடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வரிசை அப்படி வளர்வதில்லை. ஒவ்வொரு சவாரிக்கும் ‘கொள்திறன்’ என்று ஒன்று உண்டு. ஒரு மணி நேரத்தில் அந்தச் சவாரி எத்தனை பேரை ஏற்றி இறக்கும் என்ற எண்தான் அது. உதாரணத்துக்கு 20 பேர் உட்காரும் ஒரு ராட்டினம். ஏற்றி, பெல்ட் மாட்டி, சுற்றி, இறக்க 4 நிமிடம் என்று வையுங்கள். மணிக்கு 15 சுற்று, 300 பேர். இந்த 300ஐ எந்த விடுமுறையாலும் 301 ஆக்க முடியாது.

மணிக்கு 250 பேர் வந்தால் வரிசையே இல்லை, வந்தவர் ஏறிக்கொண்டே இருப்பார். 350 பேர் வந்தால் ஒவ்வொரு மணிக்கும் 50 பேர் மிச்சம் நிற்பார்கள். காலை 10 மணியிலிருந்து மதியம் 2 மணிக்குள் 200 பேர் சேர்ந்துவிடுவார்கள், அப்போது வரிசையின் கடைசியில் வந்து நிற்பவருக்கு 40 நிமிடம். 450 பேர் வந்தால் அதே 2 மணிக்கு 600 பேர் நிற்பார்கள், 2 மணி நேரம். 250க்கும் 450க்கும் இரண்டு மடங்குகூட வித்தியாசம் இல்லை, காத்திருப்போ சும்மா ஏறுவதிலிருந்து 2 மணி நேரத்துக்குப் போய்விடுகிறது. நீங்கள் நின்ற முக்கால் மணி நேரம் அந்த 300ஐச் சற்றே தாண்டிய நாளின் கணக்கு. காணும் பொங்கலன்று போயிருந்தால் முக்கால் மணி நேரத்தை அதிர்ஷ்டம் என்று சொல்லியிருப்பீர்கள்.

இது நம் ஊர் நிர்வாகத்தின் குறை என்று நினைத்துவிடாதீர்கள். 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்த நாளிலேயே போலி டிக்கெட்டுகளோடு பலர் நுழைய, எதிர்பார்த்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கூட்டம் திரண்டு நாள் முழுக்கத் திண்டாட்டம் ஆனது. பெரிய பூங்காக்கள் பிறகு கண்டுபிடித்த வழி, கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு தனி வரிசை விடுவது. வொண்டர்லா பூங்காக்களில் விற்கும் ‘ஃபாஸ்ட் டிராக்’ டிக்கெட் அந்த வகைதான். அதிலும் 300 என்பது 300தான். முன்னால் போகிறவருக்கான இடம் பின்னால் நிற்பவரிடமிருந்துதான் வர வேண்டும்.

மே மாதத்தில் நீங்கள் பட்ட மற்ற இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் சொல்லிவிடுகிறேன்.

தோள் சிவந்தது சூட்டினால் அல்ல, புற ஊதாக் கதிரால். சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாமல் வந்து தோலைச் சுடும் பகுதி அது. கோவை வடக்கு அட்சரேகை 11 டிகிரியில் இருப்பதால் ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் சூரியன் நண்பகலில் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். குச்சியை நட்டால் நிழல் விழாத நாள் அது. மே முழுக்கவும் நண்பகல் சூரியன் அதிகம் சாய்வதில்லை. கதிர் நேராக இறங்கும்போது காற்று மண்டலத்தில் அது கடக்கும் தூரம் குறைவு, வடிகட்டலும் குறைவு. தண்ணீரில் இருப்பவருக்குச் சூடு உறைப்பதில்லை, அதனால் நிழலுக்கு ஓடவும் தோன்றுவதில்லை. சாயங்காலம் வீட்டில் சட்டை மாற்றும்போதுதான் அழுகை. முழுக்கை நீச்சல் உடை வாங்கிக் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. எப்படியும் பருத்தித் துணியோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள், அதன் நூல் பிசிறு வடிகட்டியில் போய் அடைக்கும். வாசலில் வாடகை உடுப்புக்கு நிற்கும் நேரமும் மிச்சம்.

நாலு மணி இடி தற்செயல் அல்ல. தரை சூடாகி, அதன் மேலிருக்கும் ஈரக் காற்று லேசாகி மேலே எழுந்து, உயரத்தில் குளிர்ந்து மேகமாவதை வெப்பச்சலனம் என்பார்கள். காலை முழுக்கச் சூடேறி மதியத்துக்குமேல் வெடிப்பது அதன் வழக்கம். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முழுக்க மலையடிவாரத்தில் இது அடிக்கடி நடக்கும், பிளாக் தண்டர் பூங்கா இருக்கும் மேட்டுப்பாளையம் அடிவாரம்தானே. இடி கேட்டால் குளத்தைக் காலி செய்வதும், உயரமான சவாரிகளை நிறுத்துவதும் சரியான செயல். கடைசி இடிச் சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் பொறுப்பது பல நாடுகளில் நீச்சல் குளங்களில் பின்பற்றப்படும் விதி. ஒவ்வொரு புது இடிக்கும் அந்த 30 நிமிடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆகவே நாலு மணிக்கு முதல் இடி என்றால் அன்றைய ஆட்டம் முடிந்தது என்றே வைத்துக்கொள்ளலாம். நிறுத்தியவர்களைத் திட்டாதீர்கள்.

மே மாதத்துக்கு இன்னொரு வம்பு இருக்கிறது, அது பார்க்குக்கு வெளியே. பிளாக் தண்டர் இருப்பது மேட்டுப்பாளையம் தாண்டி ஊட்டி ரோட்டில். மலர்க் கண்காட்சி சமயத்தில் இந்தப் பக்கமிருந்து ஊட்டிக்கு ஏறுகிற வண்டியெல்லாம் பவானி பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். சீசனில் குன்னூர் வழியாக ஏற விட்டு, கோத்தகிரி வழியாக இறக்குவது வழக்கம். இரண்டு ரோடும் பிரிவது மேட்டுப்பாளையத்தில்தான் என்பதால் ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லாரும் ஊருக்குள் வந்து சேர்வார்கள். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கு இ-பாஸ் வந்தது. பாஸ் எடுக்காமல் வந்து வழியில் போனைத் தட்டிக்கொண்டிருக்கும் வண்டிகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சூலூரிலிருந்து கருமத்தம்பட்டி, அன்னூர் வழியாக வந்தால் கோவை நகர நெரிசலைத் தவிர்க்கலாம், பாலத்தைத் தவிர்க்க வழியில்லை.

இனி உங்கள் அம்மாவின் ஆடிக்கு வருவோம்.

ஜூன் பிறந்தால் பருவமழை, பருவமழையில் தண்ணீர் விளையாட்டா என்று பலரும் தயங்குகிறார்கள். தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு மழைக்காலம், நமக்குக் காற்றுக்காலம். மேற்குத் தொடர்ச்சி மலை மழை மேகத்தை அந்தப் பக்கமே கறந்துவிடும். மிச்சம் வருவது நமக்கு. மலைக்குப் பின்னால் இப்படி மழை குறைந்து கிடக்கும் நிலத்தை மழை மறைவுப் பகுதி என்பார்கள். கொச்சியில் ஜூன் ஒரு மாதத்தில் கொட்டுவது ஏறக்குறைய நமக்கு ஓராண்டு முழுக்கப் பெய்வதற்குச் சமம். கோவைக்கு உண்மையான மழை மாதம் அக்டோபர், அடுத்தது நவம்பர். அதுதான் வடகிழக்குப் பருவமழைக் காலம். வெளியே போக யோசிக்க வேண்டியது அப்போது. அந்த இரண்டு மாதத்தையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மேகம் மலையில் தங்கிவிட்டாலும் காற்று தங்குவதில்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு மலையில் முட்டி நிற்கும் காற்றுக்கு இந்த ஒரு வாசல்தான் கிடைக்கிறது. இடுக்கு வழியில் நுழையும்போது வேகமும் கூடிவிடும். ஆடிக் காற்று என்று நாம் சொல்வது இதைத்தான். பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலைகள் இந்த மாதங்களில் விடாமல் சுற்றுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இந்தக் காற்றில்தான் ஆடி மாதத்தின் ஒரே சங்கடம் இருக்கிறது. நனைந்த உடம்பில் காற்று பட்டால் நடுங்கும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1 கலோரி வெப்பம் போதும். அதே ஒரு கிராம் தோலிலிருந்து ஆவியாகிப் போக சுமார் 580 கலோரி வேண்டும், அதை நம் உடம்பிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். காற்று வேகமாக அடிக்க அடிக்க ஆவியாதலும் வேகம் பிடிக்கும். ஆக, ஜூலையில் பிள்ளைகள் நடுங்குவது தண்ணீருக்குள் இருக்கும்போது அல்ல, ஈர உடுப்போடு சறுக்கின் படிக்கட்டில் வரிசை நிற்கும்போது. வரிசையே இல்லாவிட்டால் நடுக்கமும் இல்லை. ஆடி மாதத்து வேலை நாளில் வரிசை இருக்காது என்பதால் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடுகிறது. ஆளுக்கு ஒரு துண்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய சறுக்குகளை 3 மணிக்குள் முடித்துவிட்டு, நிழல் சாய்ந்தபின் உலர்ந்த சட்டையோடு ராட்டினங்களுக்குப் போங்கள்.

உங்கள் அம்மா சொன்ன காரணம் பாதிதான் சரி என்றேன். ஆடியில் முகூர்த்தம் இல்லை என்பது உண்மை. ஆனால் முகூர்த்த நாள் என்றால் சனம் மண்டபத்துக்குப் போகும், பார்க்குக்கு வராது. அந்தக் கணக்கில் ஆடியில் கூட்டம் கூடத்தானே வேண்டும்? கூடாமலிருக்க நிஜக் காரணம் பள்ளிக்கூடம் நடக்கிறது, வீட்டில் காசும் இல்லை. ஜூனில் ஃபீஸ், நோட்டுப் புத்தகம், சீருடை, வேன் வாடகை என்று கட்டி முடித்த குடும்பம் ஆடித் தள்ளுபடியில் துணி எடுக்கப் போகுமே தவிர, தலைக்கு இவ்வளவு என்று டிக்கெட் வாங்கி உள்ளே போகாது. அதனால்தான் ஜூன் இரண்டாம் பாதியும் ஜூலையும் பார்க்குகளுக்கு மந்தமான காலம். பல பூங்காக்கள் சலுகை விலை தருவதும் இப்படிப்பட்ட நாட்களில்தான்.

ஆடியிலும் விலக்க வேண்டிய நாட்கள் உண்டு. ஆடிப் பெருக்கன்று கொங்கு நாடே பவானி கூடுதுறைக்கும் ஆற்றங்கரைகளுக்கும் கிளம்பியிருக்கும். மேட்டுப்பாளையத்தை ஒட்டிய வனபத்ரகாளியம்மன் கோயிலில் ஆடிக் குண்டம் திருவிழா நடக்கும் நாட்களில் அந்த ஊர் ரோட்டில் வண்டி நகராது. ஆகஸ்ட் 15 வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் அது மூன்று நாள் தொடர் விடுமுறை, மே மாதமே திரும்பி வந்த மாதிரி இருக்கும். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். போகிற வழியில் பவானி ஆற்றில் தண்ணீர் அழகாக ஓடுகிறதே என்று இறங்காதீர்கள். நமக்கு மழை இல்லாவிட்டாலும் மேலே நீலகிரியில் கொட்டிக்கொண்டிருக்கும், பில்லூர் அணை நிரம்பித் திறந்தால் ஆறு சட்டென்று ஏறிவிடும். இதே மாதங்களில் கோவைக் குற்றாலம் அருவியும் வெள்ளம் வந்தால் மூடப்படும். சிறுவாணி ரோட்டில் பேரூர் பட்டீஸ்வரரைக் கும்பிட்டு, கோவைக் கொண்டாட்டம் பூங்காவுக்குப் போய், அப்படியே கோவைக் குற்றாலம் என்று மூன்றையும் சேர்த்துத் திட்டம் போடுகிறவர்கள் கடைசியை நம்ப வேண்டாம்.

வாளையாறு தாண்டிக் கேரளத்துக்குப் போவதென்றால் கணக்கு மாறும். மலம்புழா ஃபேன்டசி பார்க்கோ, அதிரப்பள்ளி பக்கத்துச் சில்வர் ஸ்டோர்மோ, 2000ல் வீகாலேண்ட் என்ற பெயரில் திறந்து இன்று கொச்சி வொண்டர்லாவாக இருக்கும் பூங்காவோ, ஆடியில் அங்கே போனால் மழையில் நனைந்துகொண்டேதான் நனைய வேண்டும். நனைவதற்குத்தானே போகிறோம் என்று கேட்கலாம். அடைமழையில் சவாரி நிற்கும், உங்கள் கொச்சிப் பயணச் செலவு நிற்காது. அந்தப் பக்கத்துக்கு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நல்லது. ஓணத்துக்குக் கோவை மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடும் வழக்கம் இருப்பதால் அன்று போகலாமே என்று தோன்றும். அன்றைக்குக் கேரளம் முழுக்க விடுமுறை என்பதை மறந்துவிடாதீர்கள்.

கொழுந்தனாரின் டிசம்பருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பரை ஒட்டிய மாதங்களில் கோவையில் இரவு வெப்பம் 18, 19 டிகிரிக்கு இறங்கும். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த குளம் முற்பகல் முழுக்கக் குளிர்ந்தே கிடக்கும். தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். பெரியவர்களுக்குச் சில்லென்று சுகமாகத் தெரியும் தண்ணீரில் எடை குறைந்த குழந்தைக்கு அரை மணியில் உதடு நீலம் பாரிக்கும். ராட்டினம் மட்டும் போதும் என்பவர்களுக்கு அது நல்ல மாதம்தான். ஆனால் பள்ளிகள் சுற்றுலா கூட்டிவருவதும் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான். “செவ்வாய்க்கிழமைதானே, யார் வரப்போகிறார்கள்” என்று போனால் வாசலில் பத்துப் பேருந்து நிற்கும். ஒரே நிறச் சட்டையில் ஐந்நூறு பிள்ளைகள் அலைக்குளத்தில் இறங்கினபிறகு உங்கள் பிள்ளையைத் தேடுவது தனி விளையாட்டு.

உங்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மற்றவர்களுடைய பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நாளில் போ என்றால், உங்கள் பிள்ளைகளும் பள்ளியில்தானே இருப்பார்கள்? ஒரு நாள் லீவு போடுங்கள் என்று பத்திரிகையில் எழுதினால் வாத்தியார்கள் என்மேல் வழக்குப் போடுவார்கள். லீவு போடாமல் போக எனக்குத் தெரிந்த நல்ல இடுக்கு இரண்டு உண்டு.

பிள்ளைகள் சிபிஎஸ்இ பள்ளியில் கீழ் வகுப்பில் படித்தால் ஆண்டுத் தேர்வு மார்ச்சில் முடிந்து, புது வகுப்பு தொடங்க இடையில் சில நாள் கிடைக்கும். அதே சமயம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாவது, பிளஸ் டூ பொதுத் தேர்வு நடந்துகொண்டிருக்கும். தேர்வு எழுதும் பிள்ளை இருக்கிற வீட்டில் டிவி சத்தமே வராது, பார்க்குக்கு எங்கே வருவது. வெயில் முழுசாக இருக்கும், காற்றில் ஈரம் குறைவு, மழை அநேகமாக இராது, ஊட்டி சீசனும் தொடங்கியிருக்காது. உங்கள் வீட்டுக்காரர் ஆசைப்படுகிற கோடை இதுதான். அந்தச் சமயம் ஊர் மாரியம்மன் நோம்பி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பம் நட்டபின் ஊரை விட்டு வெளியே தங்கக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டால் நான் பொறுப்பல்ல.

மாநிலப் பாடத்திட்டம் என்றால் ஜூன் இரண்டாம் பாதியிலோ ஜூலையிலோ பள்ளி இல்லாத ஒரு சனிக்கிழமை. ஞாயிறு வேண்டாம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை வாரச் சம்பளம் கொடுத்து ஞாயிறு லீவு விடுவது நெடுநாள் வழக்கம். கையில் காசும் லீவும் ஒன்றாகச் சேரும் நாள் அது. கோவையின் பட்டறைகளுக்கும் மில்களுக்கும்கூட ஞாயிறுதான் ஓய்வு. சனிக்கிழமை உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் உங்களைப்போலக் கணக்குப் போட்டு வந்தவர்களாக இருப்பார்கள்.

எந்த மாதமானாலும் கதவு திறக்கும்போது உள்ளே இருங்கள். மேலே சொன்ன கணக்கில் வரிசை மணிக்கு மணி சேர்ந்து வளர்வதைக் கவனித்திருப்பீர்கள். முதல் மணியில் சேர்ந்த மிச்சம் எதுவும் இருக்காது. அந்த ஒரு மணி நேரத்தில் ஏறுகிற சவாரிகளை மதியம் 2 மணிக்கு ஏறப் பாதி நாள் ஆகும். பெரும்பாலானவர்கள் உடுப்பு மாற்றி, லாக்கர் எடுத்து, போட்டோ பிடித்து அலைக்குளத்துக்குத்தான் முதலில் ஓடுவார்கள். நீங்கள் நேராகத் தூரத்திலிருக்கும் பெரிய சறுக்குக்குப் போய்விடுங்கள். அலைக்குளத்துக்கு வரிசை கிடையாது, நிறையப் பேர் ஒன்றாக இறங்கலாம், அது பிறகு இருக்கட்டும்.

மந்தமான காலத்துக்கு ஒரு குறையும் உண்டு. கூட்டம் இல்லாத மாதம் பார்த்துத்தான் எந்திரங்களைக் கழற்றிப் பழுது பார்ப்பார்கள். பத்துப் பேர் சேர்ந்தால்தான் ஓட்டுவோம் என்று சில சவாரிகளை நிறுத்தி வைப்பதும் உண்டு. காற்று பலமாக அடித்தால் உயரமானவற்றை இயக்கமாட்டார்கள். உங்கள் பிள்ளைகள் எந்தச் சவாரிக்காக அடம் பிடிக்கிறார்களோ அதுவே மூடிக் கிடந்தால் வரிசை இல்லாத நாளும் வீண்தான்.

ஆகவே உங்களுக்கு என் சிபாரிசு ஜூன் கடைசியில் வரும் சனிக்கிழமை. முந்தின நாள் பார்க்குக்குப் போன் போட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: நாளைக்கு எந்தெந்தச் சவாரி ஓடாது, பள்ளிக்கூடமோ கம்பெனியோ மொத்தமாக டிக்கெட் எடுத்திருக்கிறதா? இரண்டாவது கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிப் போடுங்கள்.